பூம்பாறைக் கூரைகளில் விழும் மழை எங்கே போகிறது? மலை வீடுகளுக்கு ஒரு வடிகால் கணக்கு!

கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் போகும் சாலையில், ஏறக்குறைய 20 கி.மீ. தூரத்தில் இருக்கிறது பூம்பாறை. கொடைக்கானல் போய்விட்டு வரும் யாருடைய போனிலும் இந்த ஊரின் படம் ஒன்றாவது இருக்கும். படிக்கட்டு வயல்கள், நடுவில் கொத்தாக வீடுகள், குழந்தை வேலப்பர் கோயில், பின்னால் மேகம் தொடும் மலை!

அந்தப் படத்தை ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். அதில் அதிகம் தெரிவது கூரைகள்தான். சாலை மேலே இருக்கிறது, ஊர் கீழே இருக்கிறது. அதனால் சிவப்பு ஓடு, நீலத் தகரம், பச்சை ஷீட், சிமென்ட் மாடி என்று எல்லாக் கூரைகளும் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக அடுக்கி வைத்ததுபோலத் தெரியும்.

பார்க்க அழகுதான். ஆனால், ஐப்பசி அடைமழையில் இந்தக் கூரைகளில் விழும் தண்ணீர் எல்லாம் எங்கே போகும்?

சமவெளியில் என்றால், வீட்டு வாசலில் விழும், தெருவில் ஓடும், வடிந்துவிடும். மலைச்சரிவில் அப்படியில்லை. மேல் வீட்டுக் கூரையிலிருந்து விழும் தண்ணீர், கீழ் வீட்டின் பின்சுவருக்கு வரும். அல்லது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மண்ணுக்குள் போகும். அதனால், மலையில் கூரை வடிகால் என்பது ஒழுகல் பிரச்னை மட்டுமல்ல. வீடு நிற்கும் மண்ணின் பிரச்னையும்கூட!

10 விநாடிக்கு ஒரு குடம்!

மழைக் கணக்கு மிகவும் எளிது. 1 சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால், அது சரியாக 1 லிட்டர் தண்ணீர்.

600 சதுர அடிக் கூரை உள்ள ஒரு சின்ன வீட்டை எடுத்துக்கொள்வோம். அதாவது ஏறக்குறைய 56 சதுர மீட்டர். செய்திகளில் '10 செ.மீ. மழை பதிவானது' என்று படிக்கிறோமே, அந்த மழை இந்த ஒரு கூரையில் மட்டும் 5,600 லிட்டர் தண்ணீரைக் கொட்டுகிறது. 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு!

இது ஒரு நாள் முழுக்கப் பெய்தால் சமாளித்துவிடலாம். ஒரே மணி நேரத்தில் கொட்டினால்? நிமிடத்துக்கு 93 லிட்டர். அதாவது, 10 விநாடிக்கு ஒரு பிளாஸ்டிக் குடம் என்ற கணக்கில் யாரோ கூரையிலிருந்து ஒரு மணி நேரம் விடாமல் கவிழ்த்துக்கொண்டே இருப்பதுபோல!

கூரை வடிகால் அமைக்கும்போது பலரும் தவறவிடும் இடம் இதுதான். 'எங்க ஊர்ல வருஷத்துக்கு எவ்வளவு மழை?' என்று யோசிக்கிறோம். குழாய்க்கு அந்தக் கணக்கு தேவையில்லை. வருடத்தின் மிக மோசமான அந்தப் பத்து நிமிடங்களில் எவ்வளவு வேகமாகக் கொட்டும் என்பதுதான் அதற்குத் தேவை. பத்து நிமிடங்களில் 25 மி.மீ. கொட்டினால், அது மணிக்கு 150 மி.மீ. வேகம். அந்த வேகத்தைத் தாங்கும் வடிகால்தான் வீட்டைக் காப்பாற்றும்.

மலை மழைக்கு நல்ல ஞாபகம் உண்டு!

ஒரே நாளில் 6.45 செ.மீட்டருக்கு மேல் பெய்தால் 'கனமழை', 11.56 செ.மீட்டரிலிருந்து 'மிகக் கனமழை', 20.44 செ.மீட்டரைத் தாண்டினால் 'அதி கனமழை' என்று இந்திய வானிலை ஆய்வு மையம் வகைப்படுத்துகிறது.

நம் மலைகள் இந்த அளவுகளை எல்லாம் சாதாரணமாகத் தாண்டியிருக்கின்றன. 2009 நவம்பரில் நீலகிரியின் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. அந்தச் சில நாள்களில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். 2019 ஆகஸ்ட்டில் அதே மாவட்டத்தின் அவலாஞ்சியில் ஒரு நாள் மழை 90 செ.மீட்டரைத் தாண்டியது. 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், உள்ளே நகர்ந்து வந்து கொடைக்கானல் மலையையும் விட்டுவைக்கவில்லை. மரங்கள் சாய்ந்து, சாலைகள் அடைபட்டன.

பழனி மலைக்கு வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம். அக்டோபர், நவம்பரில் உச்சம். அதற்கு முன்பே சித்திரை, வைகாசியில் இடியோடு வரும் கோடை மழையும் உண்டு. கொஞ்ச நேரம்தான் பெய்யும். ஆனால், குழாயைச் சோதிப்பது இந்தக் கொஞ்ச நேர மழைதான்!

3 அங்குலமா, 4 அங்குலமா?

கூரையிலிருந்து தண்ணீரைக் கீழே இறக்கும் குழாயை, 'டவுன் பைப்' என்கிறார்கள் பிளம்பர்கள். எத்தனை அங்குலக் குழாய், எவ்வளவு கூரைக்குப் போதும்? இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் இதற்கான அட்டவணையே இருக்கிறது. அதைச் சதுர அடிக்கு மாற்றி, சுலபமாகப் புரியும்படி இங்கே தருகிறோம்.

மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் மழை பெய்தால், ஒரு குழாய் தாங்கும் கூரைப் பரப்பு:

• 2 அங்குலக் குழாய் - சுமார் 70 சதுர அடி
• 3 அங்குலக் குழாய் - சுமார் 220 சதுர அடி
• 4 அங்குலக் குழாய் - சுமார் 460 சதுர அடி

மணிக்கு 150 மி.மீ. வேகம் என்றால்:

• 2 அங்குலம் - சுமார் 47 சதுர அடி
• 3 அங்குலம் - சுமார் 146 சதுர அடி
• 4 அங்குலம் - சுமார் 307 சதுர அடி

கவனித்தீர்களா? 3 அங்குலத்திலிருந்து 4 அங்குலத்துக்குப் போனால் கூடுவது ஓர் அங்குலம்தான். ஆனால், வடியும் பரப்பு இரண்டு மடங்குக்கும் மேல் கூடிவிடுகிறது. கடையில் விலை வித்தியாசத்தைப் பார்த்து 3 அங்குலம் வாங்குபவர்கள், இந்த வித்தியாசத்தையும் பார்க்க வேண்டும்.

நம் 600 சதுர அடி வீட்டுக்கே வருவோம். நடுவில் முகடு, இரண்டு பக்கமும் சரிவு என்று வைத்துக்கொண்டால், பக்கத்துக்கு 300 சதுர அடி. 150 மி.மீ. வேக மழைக்குப் பக்கத்துக்கு ஒரு 4 அங்குலக் குழாய் சரியாகப் போதும். 3 அங்குலக் குழாய்தான் என்றால் ஒன்று போதாது. இரண்டு வைத்தாலும் மயிரிழையில் போதாமல் போகும்.

பரப்பை அளக்கும்போது வீட்டின் அளவை எடுக்காதீர்கள். கூரையின் அளவை எடுங்கள். சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியிலும் மழை விழும்தானே? கூரையை ஒட்டி ஓர் உயரமான சுவர் இருந்தால், காற்றோடு சாய்ந்து அடிக்கும் மழை அந்தச் சுவரில் மோதி, கூரைக்குத்தான் வழியும். அந்தச் சுவரின் பரப்பில் பாதியையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

கூரைக் கால்வாய்: 10 அடிக்கு ஓர் அங்குலம்

குழாய் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், தண்ணீர் அதுவரை வந்து சேர வேண்டுமே! அதற்குத்தான் கூரை விளிம்பில் பொருத்தும் நீளமான கால்வாய். தகரத்திலும் பி.வி.சி-யிலும் கிடைக்கிறது. இதில் கவனிக்க வேண்டியவை:

வாட்டம்: 10 அடி நீளத்துக்கு ஓர் அங்குலம் சரிவு இருக்க வேண்டும். சரிமட்டமாக வைத்தால் தண்ணீர் தேங்கும். தேங்கினால் தகரம் துருப்பிடிக்கும், கொசு வரும், பாரம் தாங்காமல் நடுவில் தொங்கிவிடும்.

நீளம்: கால்வாய் மிக நீளமாக இருந்தால், ஒரே மூலையில் எல்லாத் தண்ணீரையும் கொண்டுபோய்ச் சேர்க்காதீர்கள். நடுவை உயர்த்தி, இரண்டு முனைகளிலும் குழாய் வைத்தால் சுமை பாதியாகும்.

முன்விளிம்பு: கால்வாயின் வெளிப்பக்க விளிம்பு, சுவர்ப்பக்க விளிம்பைவிடக் கொஞ்சம் தாழ்வாக இருக்கட்டும். என்றாவது நிரம்பி வழிந்தால், தண்ணீர் வெளியே விழும். சுவருக்குள் இறங்காது.

தாங்கி: இரண்டு, மூன்று அடிக்கு ஒரு கிளாம்ப் அவசியம். மலைக்காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஈர இலைகளோடு நிரம்பிய கால்வாய் எவ்வளவு கனக்கும் என்பதையும் யோசியுங்கள்.

இலை: கொடைக்கானல் பக்கம் பைன், யூகலிப்டஸ் மரங்கள் அதிகம். பைன் ஊசிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு குழாயின் வாயில் கூடு கட்டினாற்போல அடைத்துவிடும். 4 அங்குலக் குழாய் வைத்தும் ஒழுகுகிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். குழாயின் வாயில் தட்டையான ஜாலி வைப்பதைவிட, குமிழ்போல் உயர்ந்த ஜாலி வைத்தால், அடியில் இலை சேர்ந்தாலும் மேல்பகுதி வழியாகத் தண்ணீர் இறங்கும்.

ஓடும் தகரமும்

ஓட்டு வீடுகளில் இரண்டு சரிவுகள் சந்திக்கும் உள்மூலைக்குக் 'கூடல்வாய்' என்று பெயர். இரண்டு கூரைகளின் தண்ணீரும் இந்த ஒரே தடத்தில்தான் ஓடும். பழைய வீடுகளில் ஒழுகல் தொடங்குவது பெரும்பாலும் இங்கேதான். ஓடுகளுக்கு அடியில் இருக்கும் தகரம் துருப்பிடித்திருந்தால், எத்தனை ஓடு மாற்றினாலும் பயனில்லை. தகரத்தை மாற்ற வேண்டும். அதுவும் அகலமாக!

நெளிவு ஷீட் கூரை என்றால், போல்ட் எங்கே அடிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். நெளிவின் மேட்டில் இருக்க வேண்டும். பள்ளத்தில் அடித்தால், தண்ணீர் ஓடும் வழியிலேயே ஓட்டை போட்டதாக ஆகிவிடும். ரப்பர் வாஷர்கள் வெயிலிலும் பனியிலும் வெடித்துப்போகும். சில வருடங்களுக்கு ஒருமுறை அவற்றை மாற்றுவது சின்ன செலவுதான்.

பூம்பாறைக்காரர்களுக்குக் கூரை ஒழுகினால் சுவர் மட்டும் நனையாது. பூண்டும் நனையும்! 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு விளையும் ஊர்களில் முக்கியமானது இது. அறுவடை செய்த பூண்டு, விற்பனைக்கோ அடுத்த விதைப்புக்கோ போகும்வரை ஈரம் படாமல் இருக்க வேண்டும். கூடல்வாயில் ஒரு சின்ன ஓட்டை, ஒரு பருவத்தின் உழைப்பையே முளைவிட வைத்துவிடும்.

மாடி வீடு என்றால்...

மலை ஊர்களிலும் இப்போது கான்கிரீட் மாடி வீடுகள், ஹோம்ஸ்டேக்கள் கூடிவருகின்றன. சரிவுக் கூரையில் தண்ணீர் தானாக ஓடிவிடும். தட்டை மாடியில் நாம்தான் ஓட வைக்க வேண்டும். 100 அடிக்கு ஓர் அடியாவது வாட்டம் வேண்டும். கனமழை பெய்யும் இடத்தில் அதற்கு மேலும் கொடுப்பது நல்லது.

பெரிய ஆபத்து, கைப்பிடிச் சுவர். அதனால் மாடியே ஒரு தொட்டிபோல ஆகிவிடுகிறது. இருக்கும் ஒரு குழாயும் இலையால் அடைத்துக்கொண்டால்? 10 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் தேங்கினாலே, சதுர மீட்டருக்கு 100 கிலோ எடை. 600 சதுர அடி மாடியில் 5.6 டன்! ஆட்கள் நடமாடும் மாடிக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ கூடுதல் சுமையைத்தான் இந்தியத் தர விதிகள் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. 15 செ.மீ. தேங்கினால், அந்த அளவு முழுவதையும் தண்ணீரே எடுத்துக்கொள்கிறது.

இதற்கு எளிய தீர்வு உண்டு. எவ்வளவு சின்ன மாடியாக இருந்தாலும் குறைந்தது இரண்டு குழாய்கள் வையுங்கள். அதோடு, கைப்பிடிச் சுவரில் தரையிலிருந்து இரண்டு, மூன்று அங்குல உயரத்தில் ஓர் உபரித் துளை விடுங்கள். சாதாரண நாளில் அதில் தண்ணீர் வராது. வந்தால், 'குழாய் அடைத்துக்கொண்டது, மேலே வந்து பார்' என்று வீடே கூப்பிடுகிறது என்று அர்த்தம்!

கீழே இறங்கிய பிறகுதான் உண்மையான கேள்வி

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு, குழாயின் முனையை வீட்டுக்குப் பின்னால் மண்ணில் விட்டுவிட்டால் என்ன ஆகும்? முன்பு விளிம்பு முழுக்கப் பரவலாகச் சொட்டிய தண்ணீர், இப்போது ஒரே இடத்தில் அருவியாக விழும். சமவெளியில் அங்கே ஒரு பள்ளம் விழும், அவ்வளவுதான். சரிவில் அது மண்ணை அரிக்கும், உள்ளே இறங்கும், மண்ணைக் கனமாக்கும். மண் துகள்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் பிடிமானம் தளரும். படிக்கட்டு வயலைத் தாங்கும் கல்கட்டு முதலில் வயிறு தள்ளும். பிறகு ஒரு ராத்திரி சரியும்.

கல்கட்டுகளிலும் தடுப்புச் சுவர்களிலும் விடப்பட்டிருக்கும் சிறு துளைகள் இதற்காகத்தான். சுவருக்குப் பின்னால் சேரும் தண்ணீர் அவற்றின் வழியே வெளியேற வேண்டும். அழகாக இல்லை என்று சிமென்ட் வைத்துப் பூசிவிட்டால், சுவர் மண்ணை மட்டுமல்ல, தண்ணீரையும் சேர்த்துத் தாங்க வேண்டியிருக்கும்.

அதனால், மலை வீட்டில் குழாயின் முனை மண்ணில் முடியக் கூடாது. ஒரு சிமென்ட் தொட்டியிலோ, கல் பாவிய வாய்க்காலிலோ, ஊர்ப் பொது வடிகாலிலோதான் முடிய வேண்டும். அங்கிருந்து பாறையோ இயற்கையான ஓடையோ வரும்வரை, வழியில் எங்கும் மண்ணுக்குள் இறங்காமல் தண்ணீர் போக வேண்டும்.

ஒரு கரீபியத் தீவின் பாடம்

'கூரைத் தண்ணீருக்கும் நிலச்சரிவுக்கும் இவ்வளவு தொடர்பா?' என்று தோன்றலாம். கரீபியக் கடலில் இருக்கும் செயின்ட் லூசியா என்ற சின்னத் தீவில் இதைச் செய்தே பார்த்திருக்கிறார்கள்.

அங்கேயும் மலைச்சரிவுகளில் நெருக்கமாக எளிய மக்களின் தகரக் கூரை வீடுகள். மழைக்காலம் வந்தால் நிலச்சரிவு. பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மால்கம் ஆண்டர்சன், லிஸ் ஹோல்கோம்ப் ஆகியோர் 2004-ல் அங்கு 'மொசைக்' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். பிரமாண்டமான தடுப்புச் சுவர்கள் எதையும் அவர்கள் நம்பவில்லை. சரிவின் குறுக்கே சிறு கான்கிரீட் வடிகால்கள், வீடுகளுக்குக் கூரைக் கால்வாய்கள், அந்தத் தண்ணீரை வடிகாலில் சேர்க்கும் குழாய்கள் - அவ்வளவுதான். எங்கே தண்ணீர் தேங்கும், எங்கே ஓடும் என்பதை அங்கு குடியிருப்பவர்களிடமே கேட்டு வரைபடம் தயாரித்தார்கள். வேலைக்கும் உள்ளூர் ஆட்களையே சேர்த்துக்கொண்டார்கள்.

2010 அக்டோபர் இறுதியில் 'தாமஸ்' புயல் அந்தத் தீவைத் தாக்கியது. தீவின் பல இடங்களில் நிலம் சரிந்தது. இந்த வடிகால்கள் அமைக்கப்பட்ட சரிவுகள் நின்றன. பிறகு, 2013-ல் உலக வங்கி இந்த முறையை ஒரு கையேடாகவே வெளியிட்டது.

இதன் பின்னால் இருக்கும் கணக்கு நமக்கும் பொருந்தும். ஒரு சரிவின் பாதிப் பரப்பைக் கூரைகள் மூடியிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கூரைகளின் தண்ணீர் முழுவதையும் குழாயில் பிடித்து வடிகாலில் விட்டால், சரிவில் விழும் மழையில் பாதி மண்ணுக்குள் போகவே போகாது! கொத்தாக வீடுகள் இருக்கும் பூம்பாறை போன்ற ஊருக்கு அந்த நெருக்கமே ஒரு வாய்ப்பாகவும் மாறலாம்.

ஒரு மலையே பெயர்ந்து வரும் பெருஞ்சரிவை எந்தக் கூரைக் கால்வாயாலும் நிறுத்த முடியாது. ஆனால், வீட்டுக்குப் பின்னால் சரியும் மண்மேடு, இடிந்து விழும் கல்கட்டு போன்றவற்றைக் குறைக்க முடியும்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. ஒரு வீடு மட்டும் செய்து பயனில்லை. நீங்கள் குழாய் போட்டுக் கீழ் வீட்டுக்காரர் சுவரில் விட்டால், அது வடிகால் அல்ல, வாய்ச்சண்டை! வரிசையாக இருக்கும் வீட்டுக்காரர்கள் சேர்ந்து பேசி, எல்லோருக்கும் பொதுவாக ஒரு வாய்க்கால் எடுப்பதுதான் வழி.

உறிஞ்சுகுழி வேண்டாம், தொட்டி வேண்டும்!

தமிழ்நாட்டில் 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. நிலத்தடி நீர் வறண்ட ஊர்களுக்கு அது பெரிய வரம். ஆனால், சமவெளியில் செய்வதுபோலச் செங்குத்துச் சரிவில், வீட்டை ஒட்டியோ தடுப்புச் சுவருக்குப் பின்னாலோ உறிஞ்சுகுழி தோண்டினால், எந்த மண்ணுக்குள் தண்ணீர் போகக் கூடாதோ, அதே மண்ணுக்குள் நாமே அனுப்புகிறோம் என்று அர்த்தம். சரிவில் சேகரிப்பு என்றால் தொட்டிதான் பாதுகாப்பு.

மிசோரமின் தலைநகர் ஐசால், மலை முகட்டில் இருக்கும் நகரம். அங்கே தகரக் கூரையின் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்துப் பயன்படுத்துவது வீட்டுக்கு வீடு இருக்கும் பழக்கம். நம் மலைகளிலும் பிப்ரவரி, மார்ச்சில் குடத்தோடு அலைபவர்கள் உண்டு. ஆண்டுக்கு 1,000 மி.மீ. மழை என்று குறைத்துக் கணக்கிட்டாலும், 600 சதுர அடிக் கூரையில் விழுவது 56,000 லிட்டர். அத்தனையையும் பிடிக்க முடியாவிட்டாலும் ஒரு 2,000 லிட்டர் தொட்டி, ஒரு மழைக்காலத்தில் பலமுறை நிரம்பும். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, அடுத்த மழையிலிருந்து பிடித்தால் தூசியும் இலையும் உள்ளே வராது. தொட்டி நிரம்பி வழியும் குழாயை மட்டும் மறக்காமல் வாய்க்காலில் சேர்த்துவிடுங்கள்.

மழைக்கு முன் ஒரு செக் லிஸ்ட்

பங்குனி முடிவில் ஒருமுறை, புரட்டாசியில் ஒருமுறை என வருடத்துக்கு இரண்டு நாள் ஒதுக்கினால் போதும்.

1. கூரைக் கால்வாயில் இருக்கும் இலை, மண்ணை அள்ளுங்கள். ஏணியைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் கட்டாயம். ஈரமான கூரையில் ஏற வேண்டாம்.

2. கால்வாயின் மேட்டு முனையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். எங்கே நிற்கிறது, எங்கே சொட்டுகிறது என்று பாருங்கள்.

3. குழாயின் மேல்வாயில் இரண்டு வாளித் தண்ணீரை வேகமாக ஊற்றுங்கள். கீழே அதே வேகத்தில் வர வேண்டும். மெதுவாக வந்தால், வளைவில் அடைப்பு இருக்கிறது.

4. கூடல்வாய், முகட்டு ஓடு, போல்ட் வாஷர்களைப் பாருங்கள்.

5. மாடியில் உபரித் துளை திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

6. குழாய் முடியும் இடத்துக்குப் போங்கள். மண் அரித்திருக்கிறதா? தண்ணீர் யார் வீட்டுப் பக்கம் போகிறது?

7. தடுப்புச் சுவரின் துளைகளைக் கம்பியால் குத்தி அடைப்பை எடுங்கள்.

8. சுவரில் புதிய விரிசல், வெளியே தள்ளிய கற்கள், சாய்ந்த மரம் அல்லது கம்பம் தெரிந்தால் அலட்சியம் வேண்டாம். ஊராட்சிக்கோ வருவாய்த் துறைக்கோ சொல்லுங்கள். அடைமழை நேரத்தில் இப்படித் தெரிந்தால், அந்த வீட்டில் இரவு தங்காதீர்கள்.

இந்தப் பட்டியலில் எதையும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடலாம், ஆறாவதைத் தவிர! இன்றைக்கே வீட்டைச் சுற்றி வந்து, உங்கள் கூரைத் தண்ணீர் கடைசியாக எங்கே போய் விழுகிறது என்று மட்டும் பார்த்துவிடுங்கள். விழும் இடம் மண்ணாக இருந்தால், உங்கள் வீட்டின் முதல் வேலை அங்கேதான் இருக்கிறது.